மலை ஏறத் தெரியாத குருவி

பிட்டா என்பது தெலுங்குச் சொல். ஆந்திரத்தில் ‘பிட்ட’ என்றால் குருவி, அவ்வளவுதான். எந்தக் குருவியாகவும் இருக்கலாம். அந்தச் சொல் எப்படியோ ஐரோப்பிய இயற்கையியலாளர்களின் காதில் விழுந்து, 1816ல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் அதையே ஒரு பேரினத்தின் அறிவியல் பெயராக ஆக்கிவிட்டார். இன்று ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை நாற்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்களுக்குப் பிட்டா என்றுதான் பெயர். தாய்லாந்துக் காட்டில் தொலைநோக்கியும் கையுமாக அலைகிற வெள்ளைக்காரர்கள் தங்களுக்கே தெரியாமல் தெலுங்கு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தில் நமக்கு நெருக்கமானது ஆறுமணிக்குருவி. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் வடக்கேயிருந்து இறங்கி வந்து, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு அசையில் ஒரு விசில். அதனால்தான் அந்தப் பெயர். பச்சை முதுகு, காவி நிற நெஞ்சு, சிவந்த அடிவயிறு, இறக்கையில் கொஞ்சம் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இந்தியில் நவரங்க் என்கிறார்கள். முதல்முறை பார்க்கிறவர், யாரோ வளர்த்த பறவை கூண்டிலிருந்து தப்பித்து வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

நான் எழுத வந்தது அதன் சொந்தக்காரக் குருவி ஒன்றைப் பற்றி. பர்மாவின் தெற்கு வாலும் தாய்லாந்தின் ஒடுங்கிய கழுத்தும் சேருமிடத்தில் மட்டும் வாழ்கிற பறவை, வேறெங்கும் கிடையாது. ஆங்கிலத்தில் கர்னியின் பிட்டா. நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். ஆணின் உச்சந்தலையில் மின்னும் நீலம், முகமும் வயிறும் கரிக்கறுப்பு, நெஞ்சில் மஞ்சள், விலாவில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள், வாலில் மறுபடி நீலம். முதுகு மட்டும் சருகின் பழுப்பு. பெண்ணுக்கு அந்த நீலத் தொப்பி கிடையாது. உடம்பெல்லாம் மங்கலான வரிகள். இவ்வளவு வண்ணமும் தரையில்தான் நடமாடும். சருகைப் புரட்டி மண்புழுவும் நத்தையும் பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது, தத்தித் தத்தி இருட்டுக்குள் நழுவிவிடும். முள் அடர்ந்த குட்டைப் பனைகளில் இலைகளால் கூரை போட்ட கூடு கட்டும்.

நான் அதைப் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை. அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு எண். தாய்லாந்தில் இது ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் வாழ்ந்தது. பர்மாவில் கொஞ்சம் மேலே, 230 மீட்டர் வரை. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். அதாவது இந்தக் குருவிக்குக் கோவையே மலை. திருச்சி, மதுரை உயரத்துக்குள் அதன் உலகம் முடிந்துபோகும். ஓடையோரத்துப் பள்ளங்கள், ஈரமான சமதளக் காடு. ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி தழைத்த காடானாலும் அதற்குச் சம்மதம். மலைதான் ஆகாது. நூற்றைம்பது வருடக் கதையில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரு விஷயம்தான்.

1875ல் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். ஆமாம், அதே ஹ்யூம்தான். பள்ளியில் ‘1885, காங்கிரஸ், 72 பிரதிநிதிகள்’ என்று மனப்பாடம் செய்தோமே, அவர். ‘உப்பு வேலி’ படித்தவர்களுக்கு இன்னொரு ஹ்யூமையும் தெரிந்திருக்கும். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்து, உப்புக் கடத்தலைத் தடுக்க இந்தியாவின் குறுக்கே வளர்க்கப்பட்ட அந்த முள்வேலியை இன்னும் உயரமாக, இன்னும் அடர்த்தியாக ஆக்கிய அதிகாரி. மூன்றாவது ஹ்யூம் பறவைக்காரர். சிம்லாவில் ஜாக்கோ குன்றின்மேல் ராத்னி காசில் என்ற மாளிகை, அதில் பறவைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். நாடு முழுக்க பட்டாளத்து அதிகாரிகளும் வனத்துறைக்காரர்களும் சேகரித்து அனுப்பிய தோல்கள் அங்கே வந்து குவிந்தன. இவர்களுக்காகவே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்று ஓர் இதழ் நடத்தினார். நம் பறவையின் முதல் விவரணை வந்ததும் அதில்தான்.

பறவையைக் காட்டில் போய் எடுத்து வந்தவர் வேறொருவர். வில்லியம் ரக்ஸ்டன் டேவிசன். பர்மாவில் பிறந்தவர், சிறுவயதிலேயே அம்மாவோடு ஊட்டிக்கு வந்துவிட்டார். ஊட்டியில் சின்கோனாத் தோட்டங்களையும் தாவரவியல் பூங்காவையும் உருவாக்கிய மக்ஐவர்தான் இந்தப் பையனின் பறவைப் பித்தைக் கண்டுகொண்டு ஹ்யூமிடம் அனுப்பி வைத்தார். நீலகிரியிலும் வயநாட்டிலும் சுற்றியலைந்த கால்கள் அவை. ஹ்யூம் அவரைத் தெனாசெரிமுக்கு அனுப்பினார். இன்றைய பெயர் தனிந்தாரி. 1826ல் யாண்டபோ ஒப்பந்தப்படி பர்மிய அரசரிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறிய நீண்ட கடலோரத் துண்டு. அந்தப் போரில் சண்டையிட்டதில் மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களும் உண்டு. மெர்குய் பக்கத்துச் சதுப்பும் மூங்கிலும் மண்டிய காடுகளில் டேவிசன் வருடக்கணக்கில் அலைந்தார். 1878ல் தெனாசெரிம் பறவைகளின் விரிவான பட்டியலாக அது வெளிவந்தது. கடைசியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளராகப் போய், 1893ல் இறந்துபோனார். ஊட்டியில் வளர்ந்த ஆள் எடுத்து வந்த குருவி என்று சொந்தம் கொண்டாட நமக்கு ஒரு சின்னச் சாக்கு கிடைக்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் போக வேண்டாம்.

ஹ்யூமின் பறவை வாழ்க்கை முடிந்த விதம் விசித்திரமானது. இந்தியப் பறவைகள் பற்றி ஒரு மகா நூல் எழுத இருபது வருடங்களுக்கு மேலாகக் குறிப்புகள் சேர்த்திருந்தார். 1884 குளிர்காலத்தைச் சமவெளியில் கழித்துவிட்டு சிம்லா திரும்பிப் பார்த்தால், கட்டுக்கட்டாக இருந்த கையெழுத்துப் பிரதிகளைக் காணோம். வேலைக்காரர் ஒருவர் கடைவீதியில் எடைக்குப் போட்டிருந்தார். பொட்டலம் மடிக்கப் போய்விட்டது இந்தியப் பறவையியல். ஹ்யூம் உடைந்துபோனார். மறுவருடமே மொத்தச் சேகரிப்பையும், சுமார் 82,000 மாதிரிகளை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். லண்டனிலிருந்து பௌட்லர் ஷார்ப் நேரில் வந்து மூட்டை கட்டினார். 1885ல் பறவைகள் கப்பலேறின; அதே வருடம் டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. அந்தக் காகிதங்கள் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்திய அரசியல் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பதில் ஒரு பயனும் இல்லை என்பது என் கட்சி. மனுஷன் அதற்கு முன்பே அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டவர்தான்.

சரி, யார் இந்தக் கர்னி? ஜான் ஹென்றி கர்னி, இங்கிலாந்தின் நார்விச் நகரத்து வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேட்டையாடும் பறவைகளில், அதாவது கழுகு வல்லூறு வகைகளில், அன்றைக்குப் பெரிய நிபுணர். ஓவரெண்ட் கர்னி என்ற அந்த நிதி நிறுவனம் 1866 மே மாதத்தில் குப்புற விழுந்தது. லண்டன் நிதிச் சந்தையே கிடுகிடுத்தது. பங்குதாரர்களை ஏமாற்றியதாகக் கர்னி உள்ளிட்ட இயக்குநர்கள்மேல் வழக்கு. 1869ல் விடுதலை ஆனார்கள். அதற்கு ஆறு வருடம் கழித்து, பர்மாவின் தாழ்நிலக் காட்டில் மண்புழு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு குருவியின் தலையில் அவருடைய பெயர் ஏறியது. பறவையியலில் இது சகஜம்தான். நண்பருக்கு மரியாதை செய்வது. தாய் மொழியில் பிட்டாக்களுக்குப் பொதுவாக ‘தெவ்-லெவ்’ என்று பெயர்; அவை எழுப்பும் சத்தம்தான் பெயர். கர்னி பிட்டாவுக்குக் கறுப்பு வயிற்றுத் தெவ்-லெவ். நாமும் கூவும் நேரத்தை வைத்துத்தானே ஆறுமணி என்றோம். கூடவே வாழ்கிறவர்கள் காதால் பெயர் வைக்கிறார்கள். தோலை மட்டும் பார்த்தவர்களிடம் காதுக்கு என்ன வேலை?

பிறகு நாற்பது வருடம் பெரிய செய்தி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் அருங்காட்சியகங்களின் ராபின்சன், கிளாஸ் போன்றவர்கள் தீபகற்பத் தாய்லாந்தில் நிறையப் பறவைகள் சேகரித்தார்கள். கர்னி பிட்டாவும் அகப்பட்டது. உலக அருங்காட்சியக இழுப்பறைகளில் நூற்றுக்கும் மேல் தோல்கள் சேர்ந்தன. அப்போது அது அபூர்வப் பறவையாக யாருக்கும் தோன்றவில்லை. பர்மாவில் கடைசிப் பதிவு 1914. தாய்லாந்தில் 1952. அதன்பின் மௌனம். பறவை அழிந்துவிட்டதாகவே பலரும் முடிவு கட்டினார்கள்.

அந்த மௌனத்துக்குப் பின்னணியில் இருந்தது ரப்பர். சமதளம், நல்ல மழை, பக்கத்தில் ஓடை, சாலைக்கும் தூரமில்லை: ரப்பருக்கு எது பிடிக்குமோ அதுவேதான் கர்னி பிட்டாவுக்கும் பிடிக்கும். நெல்லுக்கும் பிடிக்கும், பிற்பாடு வந்த எண்ணெய்ப்பனைக்கும் பிடிக்கும். தெற்குத் தாய்லாந்தின் மலைச்சரிவுகளில் காடு நின்றது. கீழே தட்டையாக இருந்ததெல்லாம் தோட்டமானது. நாலாயிரம் அடியில் வாழ்கிற பறவைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

1986ல் அது மறுபடி கிடைத்தது. கிடைத்த வழி காட்டுப்பாதை அல்ல, கடைவழி. பிலிப் ரவுண்ட் என்ற பிரிட்டிஷ் பறவையியலாளரும் உதை த்ரீசுகோன் என்ற தாய்லாந்துக்காரரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பேங்காக்கின் பறவை வியாபாரத்தில் இந்தக் குருவி வந்துபோவதாகத் தெரிந்தது. விஞ்ஞானம் அழிந்ததாக நினைத்த பறவை வியாபாரியிடம் சரக்காக இருந்திருக்கிறது! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், ஜூன் மாதம் கிராபி மாகாணத்தில் காவ் நோர் சூச்சி என்ற குன்றின் அடிவாரக் காட்டில் கூட்டையே கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம் சந்தோஷம் இல்லை. பிடித்து விற்கிறவனுக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அந்தக் காட்டை வேறு யாரும் அறிந்திருக்கவில்லையே என்பதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். காவ் நோர் சூச்சி இருப்பது கிளோங் தோம் வட்டாரத்தில். அதே வட்டாரத்தில் குவான் லூக் பட் என்று ஒரு தொல்லியல் மேடு இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் பாசிமணி மேடு. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்னும் அதற்கு முன்னும் கண்ணாடி மணிகள் செய்து கடல் வழியாக விற்ற இடம். அங்கே ஒரு சிறிய உரைகல் கிடைத்தது, பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். நம்ம ஊர்த் தட்டான் ஒருவரின் கல். அவரோ அவருடைய கல்லை வாங்கிப் போனவரோ கடற்கரையிலிருந்து உள்ளே நடந்தபோது கிளோங் தோம் சமவெளி காடாகத்தான் இருந்திருக்கும். சருகுக்குள்ளிருந்து தத்திப் போன நீலத் தலைக் குருவியை யாராவது பார்த்து, ஊரில் கூவுமே அந்தக் குருவிக்கு இது என்ன உறவு என்று நின்றிருக்கலாம். ஆதாரம் இல்லாத கற்பனைதான். ஆனால் கடாரம், ஸ்ரீவிஜயம் என்று படையெடுப்புகளை மட்டுமே பேசுகிற நமக்கு, அந்த மண்ணில் என்ன மரம், என்ன பறவை இருந்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை என்பது கற்பனை இல்லை.

கண்டுபிடித்த 1986ல் அந்த ஒரே காட்டில் 44, 45 ஜோடிகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மறுவருடமே வேட்டைத் தடைப்பகுதி, 1993ல் காவ் பிரா-பாங் கிராம் வனவிலங்குச் சரணாலயம். பத்திரிகைச் செய்தியாகப் படித்தால் கதை சுபம். வரைபடத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சரணாலயத்தின் எல்லைக்கோடு குன்றைச் சுற்றி ஓடியது. பறவை வாழ்ந்த தட்டை நிலத்தின் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே, ‘தேசிய ஒதுக்குக்காடு’ என்ற பெயரில் கிடந்தது. காகிதத்தில் அரசாங்கக் காடு. நிஜத்தில் குடியேறிய விவசாயிகளின் ரப்பர்க் கன்றுகள். 1997ல் எண்ணியபோது ஒன்பது ஜோடிகள். கண்டுபிடித்து, காப்பாற்றுவதாக அறிவித்து, உலகத்துப் பறவை ஆர்வலர்களெல்லாம் வந்து பார்த்துப் போன பதினோரு வருடத்தில் நடந்தது இது.

கோடு ஏன் குன்றைச் சுற்றிப் போனது? அங்கேதான் சண்டை கம்மி. மலை யாருக்கும் வேண்டாம். எல்லோருக்கும் வேண்டிய நிலத்தில் சரணாலயம் போட்டால் ஓட்டுப் போகும், வழக்கு வரும், வன அலுவலரை ஊருக்குள் விடமாட்டார்கள். 1988 நவம்பரில் பக்கத்து மாகாணமான நக்கோன் சி தம்மராத்தில் பெருமழை. மரம் வெட்டிய சரிவுகள் கரைந்து ஊர்கள்மேல் இறங்கி நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். நாடு கொதித்தது. 1989 ஜனவரியில் மரம் வெட்டும் உரிமங்கள் அனைத்தையும் தாய்லாந்து அரசு ரத்து செய்தது. சாதாரண முடிவில்லை. ஆனால் அந்தக் கோபமும் சரிவைப் பற்றியதுதான். மலையில் மரம் வெட்டினால் மண் சரிந்து ஆளைக் கொல்லும், செய்தியில் வரும். தட்டை நிலத்தில் அஞ்சு ஏக்கர் காட்டைத் திருத்தி ரப்பர் நட்டால் எதுவும் சரியாது. ஒரு குடும்பம் சாப்பிடும், பிள்ளை படிக்கும். காணாமல் போவது ஒரு சத்தம் மட்டும்.

அந்த விவசாயிகளை வில்லனாக்கிக் கதை எழுதுவது சுலபம். பறவை ஆர்வலர்களின் எழுத்தில் அந்தத் தொனி அடிக்கடி தட்டுப்படும். எனக்கு அது எரிச்சல்தான். அவர்களில் நிலமில்லாமல் வந்தவர்கள் உண்டு. தெற்குத் தாய்லாந்தின் காடுகள் பல 1970களில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் மறைவிடங்கள். 1980ல் அரசு பொதுமன்னிப்பு அறிவித்து, அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகுதான் பல காடுகள் கோடரிக்கு வழி விட்டன. துப்பாக்கி இருந்தவரை மரம் நின்றது. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பர்மாவுக்குப் போனால் இதே கதை இன்னும் பெரிய அளவில் காத்திருக்கிறது.

அதற்கு முன் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் பெரிய காப்பகங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, சத்தியமங்கலம். எல்லாம் மலை, மலையடிவாரம். ஆறுமணிக்குருவி தங்குகிற மாதிரியான கீழைக் கடற்கரைச் சமவெளிக் காடு ஒன்று நமக்கும் இருந்தது: வெப்பமண்டல உலர் பசுமைக்காடு. வீரை, உலக்கைப்பாலை, காசான் என்று குட்டையாக, நெருக்கமாக, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இன்று கோடியக்கரையில் கொஞ்சம், மற்றபடி அய்யனார் தயவில் கோயில்காடுகளாகத் துண்டு துண்டாக. காடு என்று சொன்னதும் நம் மனசில் மலை வந்து நிற்கிறதே, அந்தப் பழக்கத்துக்குள்ளேயே ஓர் இழப்பு புதைந்து கிடக்கிறது.

பர்மா. 2003 மே மாதத்தில் பேர்ட்லைஃப் அமைப்பும் பர்மாவின் பாங்கா என்ற அமைப்பும் சேர்ந்து தனிந்தாரியில் தேடின. கர்னி பிட்டா அங்கே பதிவாகி 89 வருடம் ஆகியிருந்தது. தேடும் முறை எளிமையானது: ஆணின் குரலை ஒலிப்பதிவில் போடுவது, பதில் வருகிறதா என்று காது கொடுப்பது. அந்தக் குரலைப் பாட்டு என்று சொல்ல முடியாது. ‘லிலிப்’ என்று ஒரே வெடிப்பு, சொடக்குப் போடும் நேரத்தில் முடிந்துவிடும். பதில் வந்தது. நான்கு இடங்களில் பறவை இருந்தது. அடுத்த வருடங்களில் இன்னும் இடங்கள் தெரியவந்தன. ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடுகள் வந்து, உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் அபாய நிலையை ஒரு படி குறைத்துப் போட்டார்கள்.

அந்தக் காடு அதுவரை எப்படித் தப்பியது? போர். தனிந்தாரியின் காடுகள் பல பத்தாண்டுகள் கரேன் தேசிய யூனியனின் கையில் இருந்தன. பர்மிய ராணுவம் உள்ளே போக முடியாது. கம்பெனியும் போக முடியாது. 1997ல் ராணுவம் பெரும் தாக்குதல் நடத்தி யூனியனின் தளங்களைப் பிடித்தது. கிராமங்கள் காலியாயின. ஆயிரக்கணக்கான கரேன் மக்கள் எல்லை தாண்டித் தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். இரண்டே வருடத்தில், 1999ல், ராணுவ அரசு தனிந்தாரியை நாட்டின் ‘எண்ணெய்க் கிண்ணம்’ ஆக்கப்போவதாக அறிவித்தது. 2030க்குள் 5 லட்சம் ஏக்கர் எண்ணெய்ப்பனை. சமையல் எண்ணெயை இறக்குமதி செய்து மாளவில்லை என்பது காரணம். ராணுவத்துக்கு வேண்டப்பட்ட நிறுவனங்களுக்கு நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. எந்த நிலம்? வேறென்ன, தட்டை நிலம். காட்டை அழித்து மரத்தை விற்றுவிட்டு, பனையை நடாமலேயே போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. 2012ல் போர்நிறுத்தம் வந்தது. சாலை வந்தது. மிச்சமிருந்ததும் வேகமாகப் போனது. 1999லிருந்து சுமார் இருபது வருடத்தில் இந்தப் பறவைக்கான காட்டில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சிவப்புப் பட்டியலில் அபாய நிலை மறுபடி உச்சப் படிக்கு ஏறியது.

காப்பாற்றும் திட்டங்களும் வந்தன. மலையிலிருந்து கடல்வரை தனிந்தாரியைப் பாதுகாக்கப் போவதாக ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பெரிய முயற்சி ஒன்று. கரேன் அமைப்புகள் 2018ல் அதை எதிர்த்துப் புகார் கொடுத்தன. முகாம்களிலிருந்து திரும்பி வருகிறவர்களின் நிலம் ஒரு பக்கம் பனைக் கம்பெனியிடம் போய்விட்டது, மறுபக்கம் தேசியப் பூங்கா என்கிறீர்கள், எங்களைக் கேட்டீர்களா என்றார்கள். திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பறவைமேல் எனக்குள்ள பிரியத்தையும் தாண்டிச் சொல்கிறேன், அவர்கள் கேட்டது நியாயம். அந்தக் காட்டை அழித்தது அவர்களில்லை. அவர்கள் அங்கே இருந்தவரை பறவையும் இருந்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தனிந்தாரி மறுபடி போர்க்களம்.

இதைப் படிக்கிற யாரும், ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயில் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். நமக்கு வருவது பெரும்பாலும் இந்தோனேசிய, மலேசிய எண்ணெய். தனிந்தாரியின் எண்ணெய் பர்மியர்கள் அடுப்புக்கே போதவில்லை. நேரடியான கோடு எதுவும் கிடையாது. அந்த இரண்டு நாடுகளிலும் எந்தெந்தக் குருவி நூறு மீட்டருக்குக் கீழே வாழ்ந்தது என்பது தனிக் கட்டுரை.

தாய்லாந்தில் காவ் நோர் சூச்சியின் கடைசிச் சில பறவைகளும் 2010களில் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. இப்போது அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் மரகதக் குளம் என்ற பச்சை நீர்ச்சுனையில் குளிக்கப் போகிறார்கள். கிராபி இன்று தாய்லாந்தின் முன்னணி எண்ணெய்ப்பனை மாகாணங்களில் ஒன்று. டேவிசன் எடுத்த தோல்கள் ஹ்யூமின் சேகரிப்போடு இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில் பாதுகாப்பாக இருக்கின்றன.

1992ல் தாய்லாந்து இயற்றிய வனவிலங்குச் சட்டத்தில் 15 உயிரினங்கள் உச்சப் பாதுகாப்புக்குரியவையாக அறிவிக்கப்பட்டன. கர்னி பிட்டா அதில் ஒன்று. வெண்கண் ஆற்றுத் தகைவிலான் இன்னொன்று. 1968ல் பூங் பொராபெட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே கண்ணில் படாமல் போன பறவை. ஷோம்பர்க் மானும் உண்டு. சாவோ பிரயா ஆற்றின் சதுப்புச் சமவெளியில் வாழ்ந்த அந்த மான் 1938ஓடு முடிந்துவிட்டது, சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே. 2019ல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது இரண்டு திமிங்கிலங்களையும் ஒரு கடலாமையையும் திமிங்கிலச் சுறாவையும் சேர்த்துப் பட்டியலை 19 ஆக்கினார்கள். பழைய பதினைந்தில் ஒரு பெயரையும் எடுக்கவில்லை. மானும் இருக்கிறது.